ஆணை ஒரு நாளில் வரும், உறவு?

புதுதில்லி: மாவட்ட ஆட்சியரின் கையொப்பத்துடன் தத்தெடுப்பு ஆணை வந்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் கிடைத்துவிட்டனர். வாரிசுரிமை, பெற்றோர் பெயருடன் பிறப்புச் சான்றிதழ் ஆகிய அனைத்தும் அந்த ஒரு தாளைத் தொடர்ந்து வந்து சேர்கின்றன. ஆனால், அந்தக் குழந்தையின் பார்வையில் அவர்கள் பெற்றோர் ஆவது எப்போது? நள்ளிரவில் பயந்து விழிக்கும்போது யாரைத் தேடி அழ வேண்டும் என்பது அதற்குத் தெரியவரும் நாளில்தான். அந்த நாள் சில வாரங்களில் வரலாம். ஓர் ஆண்டுகூட ஆகலாம்.

தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் (காரா) கணக்குப்படி, 2024-25-ஆம் நிதியாண்டில் 4,515 குழந்தைகள் தத்தெடுக்கப்பட்டனர். அவர்களில் 4,155 பேர் உள்நாட்டுக் குடும்பங்களுக்கே சென்றனர். இந்த எண்ணிக்கை மகிழ்ச்சிக்குரியதே. எனினும், அது ஆணைகளின் எண்ணிக்கைதான். ஆணைக்கு முன்னும் பின்னும் வீட்டுக்குள் நிகழும் நீண்ட பழக்கத்தைக் கணக்கெடுக்க எந்தப் பதிவேடும் இல்லை. அதற்கான காலத்தைச் சட்டம் தந்ததா என்பதே இங்கு எழும் கேள்வி.

இல்லத்திலிருந்து வீட்டுக்கு: இல்லத்தில் வளர்ந்த குழந்தைக்கு வீடு என்பது உடனடியாக இன்பமான இடமாக இருப்பதில்லை. மணி அடித்ததும் உண்டு, இருபது முப்பது குழந்தைகளுடன் ஒரே கூடத்தில் உறங்கிப் பழகிய மூன்று வயதுக் குழந்தையைத் தனியறையின் அமைதியே அச்சுறுத்தும். அடுத்த வேளை உணவு நிச்சயம் என்று நம்பாத குழந்தை, ரொட்டித் துண்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும். ஒடிசாவில் ஓர் இல்லத்தில் வளர்ந்து தில்லிக்கு வரும் குழந்தைக்குப் பசியையும் வலியையும் சொல்வதற்கான சொற்கள்கூடத் திடீரெனப் பயனற்றுப் போகின்றன.

வீட்டுக்கு வரும் எவரிடமும் தயங்காமல் தாவிச் செல்லும் குழந்தையைக் கண்டு, "எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது!" என்று உறவினர் வியப்பதுண்டு. உண்மையில் அது, தனக்கென்று ஒருவர் இன்னும் வாய்க்கவில்லை என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். பொருள்களை உடைத்து, கடித்து, அடம்பிடிக்கும் குழந்தையோ, 'இவர்களும் என்னைத் திருப்பி அனுப்புவார்களா?' என்று தன் வழியில் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இதற்கு மருந்து ஏதும் இல்லை. நாள்தோறும் அதே கை சோறு ஊட்ட வேண்டும்; அதே கை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும்; அதே குரல் உறங்க வைக்க வேண்டும். முதல் சில வாரங்களுக்கு விருந்தினர் கூட்டத்தைத் தவிர்ப்பது நல்லது. இல்லத்திலிருந்து கொண்டுவந்த பழைய போர்வையைத் துவைக்காமல் சில நாள் விட்டுவைத்தால், பழகிய மணமாவது குழந்தைக்குத் துணையிருக்கும். அதன் மொழியில் நான்கு சொற்களைப் பெற்றோர் கற்றுக்கொள்வது பெரிய உதவி. தத்து வந்த கதையை மறைக்காமல், வயதுக்கேற்ற எளிய சொற்களில் தொடக்கத்திலிருந்தே சொல்லி வருவதும் நம்பிக்கையை வளர்க்கும். குழந்தையின் மன நலத்துக்குத் தாயுடனோ, தாயின் இடத்தில் நிலையாக இருப்பவருடனோ நெருக்கமான, தொடர்ச்சியான உறவு இன்றியமையாதது என்று உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை 1951-லேயே எடுத்துரைத்தது. 'தொடர்ச்சி' என்ற சொல்லின் நடைமுறைப் பொருள், வீட்டில் ஒருவர் இருப்பது என்பதுதான்.

குலம் காக்கவா, குழந்தைக்காகவா?: இந்தியாவில் தத்தெடுப்புச் சட்டம் நீண்டகாலம் குலத்தையும் சொத்தையும் சுற்றியே வளர்ந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின்கீழ், கணவருடன் வாழும் பெண் தன் பெயரில் தத்தெடுக்க 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எம்மதத்தினரும் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014-ல் உறுதி செய்தது. அடுத்த ஆண்டு வந்த இளைஞர் நீதிச் சட்டம் குழந்தையின் நலனை மையத்தில் வைத்தது. குழந்தை இல்லாத வீட்டுக்குக் குழந்தை தேடிய காலம் மாறி, வீடு இல்லாத குழந்தைக்கு வீடு தேடும் காலம் வந்தது. ஆனால், தொழிலாளர் சட்டம் இந்த மாற்றத்துடன் சேர்ந்து நடக்கவில்லை.

முரண்பட்ட இரு சட்டங்கள்: மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் செய்யப்பட்ட திருத்தம், ஈன்ற தாய்க்கு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரங்கள் ஊதியத்துடன் விடுப்பு அளித்தது. தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரங்கள் என்றது. அதுவும் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் மட்டுமே. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதே வரம்பை எடுத்துக்கொண்டது.

மூன்று மாதத்துக்குள் குழந்தை கைக்கு வருமா? பெற்றோரே ஒப்படைத்த குழந்தை எனில், முடிவை மறுபரிசீலனை செய்ய அவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டம் இரண்டு மாத அவகாசம் தருகிறது. கைவிடப்பட்ட குழந்தை எனில், பெற்றோரைத் தேடிப் பார்த்த பின்னரே குழந்தைகள் நலக் குழு அதனைத் தத்துக்கு உரியதென அறிவிக்க முடியும். இரண்டு வயது வரையிலான குழந்தைக்கு இதற்கு இரண்டு மாதங்கள், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு நான்கு மாதங்கள். பிறகு மருத்துவ அறிக்கை, இணையப் பதிவு, பெற்றோர் 48 மணி நேரத்துக்குள் குழந்தையை உறுதி செய்தல், நேரில் சந்தித்தல் என நடைமுறைகள் தொடரும். குழந்தைக் கடத்தலைத் தடுக்க இவை தேவையே. ஆனால், ஒரு சட்டம் பொறுத்திருக்கச் சொன்னது. மற்றொரு சட்டம் பொறுத்திருந்ததற்காகவே தாயின் விடுப்பைப் பறித்தது.

இந்த வரம்பு 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கப்பட்டது. பெரிய குழந்தைகளுக்குக் காப்பக வசதி இருக்கிறதே என்ற வாதம் இத்தகைய விவாதங்களில் எழுவதுண்டு. 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது உண்மைதான். ஆனால், ஓர் இல்லத்திலிருந்து இப்போதுதான் வெளியே வந்த குழந்தையை மறுவாரமே இன்னொரு கூடத்தில் கொண்டுபோய் விடுவது எதற்கு? ஈன்ற தாயின் விடுப்பில் உடல் தேறுவதற்கான காலமும் அடங்கும். தத்தெடுத்த தாய்க்கு அது தேவையில்லை என்பதால், குழந்தைக்கும் தாய் தேவையில்லை என்றாகிவிடாது. வயது கூடக்கூட, பிரிவின் நினைவும் கூடும். வளர்ந்த குழந்தைக்கே அதிகக் காலம் தேவைப்படுகிறது.

மத்திய அரசு தன் ஊழியர்களுக்குச் சற்றுத் தாராளம் காட்டியது. இரண்டுக்கும் குறைவான குழந்தைகள் உள்ள பெண் ஊழியர், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால் 180 நாள் விடுப்புக்கு அதன் விதிகள் வழிசெய்தன. ஆண் ஊழியருக்கு 15 நாள்கள். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமோ தந்தையைப் பற்றிப் பேசவே இல்லை. அமைப்புசாராத் தொழிலில் உழைக்கும் பெரும்பான்மைப் பெண்களுக்கு இந்த விவாதமே எட்டாத தொலைவில் உள்ளது. காலம் என்பது வசதி படைத்தோருக்கு மட்டுமே கிடைக்கும் பண்டமாகிவிட்டால், தத்தெடுப்பும் அவர்களுக்கு மட்டுமே உரியதாகிவிடும்.

திரும்பி வரும் குழந்தைகள்: தத்து முறிவு, தத்து நீக்கம் ஆகியவற்றுக்கும் 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் இடமுண்டு. குழந்தை இல்லத்துக்கே திரும்ப நேரிடுவதை விதிகளே எதிர்பார்த்துள்ளன. ஒருமுறை கைவிடப்பட்ட குழந்தை மறுமுறையும் கைவிடப்படுவதைவிடக் கொடிய பாடம் அதற்கு வேறில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் அதிகாரிகள் நிலையை அறிய வேண்டும் என்பதும், மனநல ஆலோசனை தர வேண்டும் என்பதும் விதிகளில் உள்ளன. ஆயினும், உறவு முறியும் ஆபத்து மிகுந்த முதல் சில மாதங்களில் ஆறு மாதம் என்பது நீண்ட இடைவெளி. படிவத்துடன் வரும் அதிகாரியைவிட, அழைத்தவுடன் பேசக்கூடிய ஆலோசகரே அந்த வீட்டுக்குத் தேவை.

எனவே, விடுப்பு குழந்தையின் பிறந்த நாளிலிருந்து அல்ல, அது வீடு வந்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும்; வயது எதுவாயினும், தாய் தந்தை இருவருக்கும் உரியதாக வேண்டும். ஒரு குழந்தை தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளிப்பதை நிறுத்தும் நாள் எந்தக் கோப்பிலும் பதிவாகாது. அந்த நாள் வரை வீட்டில் ஒருவர் இருக்க வழிசெய்யும் பொறுப்பு, தத்தெடுப்பு ஆணையை வழங்கிய அரசுக்கும் உண்டு.