கதவில் மாட்டிய அட்டை

மாதந்தோறும் வீட்டுக்கு வரும் பயனீட்டுக் கட்டணச் சீட்டை நீங்கள் முழுமையாகப் படித்ததுண்டா? பெரும்பாலோர் செலுத்தவேண்டிய தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். தொகைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறு வரைபடம் இருக்கும். கடந்த சில மாதங்களில் உங்கள் வீட்டில் எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதை அது காட்டும். அதனுடன், உங்கள் வீட்டைப் போன்ற அண்டை வீடுகளின் சராசரிப் பயன்பாடும் தரப்பட்டிருக்கும். நம் வீட்டுக் கட்டணத்தைச் செலுத்த, பக்கத்து வீட்டுக் கணக்கு எதற்கு?

இக்கேள்விக்கு விடைதரும் சோதனைகள் சில, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் மார்க்கோஸ் என்னும் நகரில் நடந்தன. வெஸ்லி ஷுல்ட்ஸ், ராபர்ட் சியால்டினி முதலிய உளவியல் ஆய்வாளர்கள் அங்குள்ள வீடுகளின் கதவுகளில் அட்டைகளை மாட்டினார்கள். கோடையில் குளிரூட்டிக்குப் பதிலாக மின்விசிறியைப் பயன்படுத்துங்கள் என்பதே வேண்டுகோள். ஆனால், அதற்குச் சொல்லப்பட்ட காரணம் வீட்டுக்கு வீடு மாறுபட்டது. சில அட்டைகள் பணம் மிச்சமாகும் என்றன. சில, சுற்றுச்சூழலைக் காக்கலாம் என்றன. வேறு சில, வருங்காலத் தலைமுறைக்காகச் சிக்கனமாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டன. இன்னும் சில அட்டைகளோ, இப்பகுதி மக்களில் 77 விழுக்காட்டினர் மின்விசிறியையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள் என்ற செய்தியைத் தந்தன. மின்சாரப் பயன்பாடு மிகுதியாகக் குறைந்தது இந்தக் கடைசி அட்டை தொங்கிய வீடுகளில்தான்.

வியப்பு இத்துடன் முடியவில்லை. மின்சாரத்தைச் சேமிக்க உங்களைத் தூண்டுவது எது என்று கலிஃபோர்னியா மக்களிடம் இதே ஆய்வாளர்கள் கேட்டிருந்தார்கள். சுற்றுச்சூழலே முதலிடம் பெற்றது. மற்றவர்கள் செய்கிறார்கள் என்பதற்காக நாங்களும் செய்வோம் என்பது கடைசி இடத்திற்குத் தள்ளப்பட்டது. நம்மை நகர்த்துவது எது என்பதை நாமே சரியாக அறிவதில்லை போலும்.

2007ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில் ஏறத்தாழ 290 வீடுகள் இடம்பெற்றன. ஆய்வாளர்கள் மீட்டரைப் பார்த்து, 'உங்கள் பயன்பாடு இவ்வளவு; அண்டை வீடுகளின் சராசரி இவ்வளவு' என்று அட்டையில் எழுதி மாட்டினார்கள். சராசரிக்கு மேல் இருந்தவர்கள் பயன்பாட்டைக் குறைத்தார்கள். ஆனால், சராசரிக்குக் கீழ் இருந்தவர்கள் முன்பைவிட அதிகமாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்! 'நாம்தான் வீணாகச் சிரமப்படுகிறோம் போலிருக்கிறது' என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். சிக்கனமாக வாழ்ந்தவரைச் செலவாளி ஆக்கிவிட்டது ஓர் எண். இதைச் சரிசெய்ய ஆய்வாளர்கள் கையாண்ட வழி மிக எளிது. குறைவாகப் பயன்படுத்திய வீட்டின் அட்டையில் சிரித்த முகம் ஒன்றையும், அதிகமாகப் பயன்படுத்திய வீட்டின் அட்டையில் வாடிய முகம் ஒன்றையும் வரைந்தார்கள். சிரித்த முகத்தைப் பெற்றவர்கள் தங்கள் சிக்கனத்தைக் கைவிடவில்லை.

2008ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் தலைநகரான சேக்ரமெண்டோவில், மின்விநியோக நிறுவனம் இவ்வழியைப் பின்பற்றியது. சுமார் 35,000 குடும்பங்களுக்கு ஒப்பீட்டு அறிக்கைகள் அனுப்பப்பட்டன. ஒவ்வொரு வீடும், அருகிலுள்ள அதே அளவிலான 100 வீடுகளுடன் ஒப்பிடப்பட்டது. மாளிகையையும் சிறு வீட்டையும் ஒப்பிட்டால் யார்தான் ஏற்பார்கள்? இங்கும் முகங்கள் இடம்பெற்றன. ஆனால், வாடிய முகத்தைப் பெற்ற சிலர் முறையிடவே, அதை நிறுவனம் நீக்கிவிட்டது. பாராட்டு மட்டும் எஞ்சியது.

மின்சாரத்தை விற்கும் நிறுவனமே, 'குறைவாக வாங்குங்கள்' என்று சொல்வது விந்தையாக இல்லையா? தீபாவளி நேரத்தில் துணிக்கடைக்காரர் அப்படிச் சொல்வதை நாம் கேட்டதில்லை. துணியைப் போல மின்சாரத்தைப் பெருமளவில் அடுக்கிவைப்பது எளிதன்று, செலவும் அதிகம். எல்லாரும் ஒரே நேரத்தில் குளிரூட்டியை இயக்கும் வெப்பமான மாலைக்கு ஏற்ப மின்நிலையங்களும் கம்பிகளும் தயாராக இருக்கவேண்டும். ஆண்டில் சில மணி நேரத்துக்காக ஒரு மின்நிலையத்தைக் கட்டுவதைவிட அறிக்கை அனுப்புவது மலிவு. மேலும், கலிஃபோர்னியாவில் தனியார் மின்நிறுவனங்களின் வருமானம் விற்பனையின் அளவைச் சார்ந்திராதபடி விதிமுறை உண்டு. சேக்ரமெண்டோ நிறுவனமோ, மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுவால் நடத்தப்படும் பொது நிறுவனம்.

இவ்வறிக்கைகளால் எவ்வளவு மின்சாரம் மிச்சமானது? அமெரிக்காவில் ஏறத்தாழ 600,000 குடும்பங்களின் விவரங்களை ஆராய்ந்த பொருளியல் வல்லுநர் ஹன்ட் ஆல்காட், சராசரியாக 2 விழுக்காடு என்று 2011இல் எழுதினார். இவ்வளவுதானா என்று தோன்றலாம். விலையேற்றத்தின் மூலம் குறுகிய காலத்தில் இதே அளவு குறைய வேண்டுமானால், கட்டணத்தை 11 முதல் 20 விழுக்காடு வரை உயர்த்தவேண்டும் என்றும் அவர் கணக்கிட்டார். கட்டண உயர்வு ஏழைக் குடும்பத்தைத்தான் முதலில் வருத்தும். ஒரு தாளை அனுப்புவதால் எவர் வீட்டிலும் விளக்கு அணையாது.

ஆனால், தாளின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. அறிக்கை கிடைத்த சில நாள்களில் பயன்பாடு சட்டென்று குறையும். பிறகு மெல்ல ஏறும். அடுத்த அறிக்கை வந்ததும் மீண்டும் குறையும். பலமுறை அறிக்கை பெற்ற பிறகே பழக்கம் ஓரளவு நிலைக்கிறது.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு, இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. ஆகவே, இங்கும் ஒவ்வொரு கிலோவாட் மணியும் பொருட்படுத்தத்தக்கதே. ஆயினும், கட்டணச் சீட்டிலுள்ள சராசரிக்கு ஒவ்வொரு வீட்டின் நிலையும் தெரியாது. பகல் முழுவதும் வீட்டிலிருக்கும் பாட்டிக்காக ஓடும் மின்விசிறியும், யாருமில்லாத அறையில் ஓடும் மின்விசிறியும் அதற்கு ஒன்றுதான். எந்த அறையில் எது, யாருக்காக ஓடுகிறது என்பது அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இம்மாதச் சீட்டு வந்ததும் அந்த வரைபடத்தை உங்கள் குடும்பத்தாருடன் சேர்ந்து பாருங்கள்.