மூட்டுவலிக்கு ‘வளர்ச்சிக் காரணி’ ஊசி: பணம் கட்டும் முன்...



முழங்கால் தேய்மானத்துக்கு பி.ஆர்.பி. ஊசி போட உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்குச் சிலர் வருகிறார்கள். “சொந்த இரத்தத்தில் எடுக்கும் மருந்து, தேய்ந்தது மறுபடி வளரும்” என்று நம்பி நகையை அடகு வைக்கவும் துணிகிறார்கள். அதனால் இதை விளக்குவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

வளர்ச்சிக் காரணிகள் என்பவை, ‘வளர், பழுதைச் சரிசெய்’ என்று செல்களுக்குச் செய்தி சொல்லும் புரதங்கள். மூட்டில் எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால்தான் அது தேய்ந்தால் எளிதில் ஆறுவதில்லை. நல்ல மூட்டில் ஐ.ஜி.எஃப்.-1, டி.ஜி.எஃப்.-பீட்டா ஆகிய காரணிகள் குருத்தெலும்பைப் பேணுகின்றன.

நோயுற்ற மூட்டில் நிலைமை மாறுகிறது. ஐ.ஜி.எஃப்.-1 சொல்வதைச் செல்கள் சரியாகக் கேட்பதில்லை. டி.ஜி.எஃப்.-பீட்டா மிகுந்தால் மூட்டின் ஓரத்தில் எலும்பு முள்ளாக வளர்கிறது. மூட்டுச் சவ்வு தடித்து இறுகுகிறது. வி.இ.ஜி.எஃப். என்ற காரணி, இருக்கக் கூடாத இடத்தில் இரத்தக் குழாய்களை வளர்க்கிறது. கூடவே நரம்பும் நுழைகிறது. என்.ஜி.எஃப். வலியைக் கூட்டுகிறது. இந்த என்.ஜி.எஃப்.-ஐத் தடுக்க டானெசுமாப் என்ற மருந்து வந்தது. வலி குறைந்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்று அதற்கு எதிராக வாக்களித்தது. ஆக, வளர்ச்சி என்றாலே நன்மை என்று சொல்லிவிட முடியாது.

பி.ஆர்.பி. என்பது நம் இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மூட்டில் செலுத்துவது. அந்தத் தட்டணுக்களில் பலவகை வளர்ச்சிக் காரணிகள் கலந்தே இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 50 வயது கடந்த 288 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு பி.ஆர்.பி., மறுபிரிவினருக்கு வெறும் உப்புநீர். வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். 12 மாதம் கழித்துப் பார்த்தால், வலி குறைந்ததிலும் குருத்தெலும்பு தேய்ந்ததிலும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வலி தணிந்ததாகச் சொல்லும் சிறிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் தேய்ந்தது மீண்டும் வளரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

பிறகு என்ன செய்யலாம்? தொடைத் தசைக்கு அன்றாடம் பயிற்சி கொடுங்கள். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை சுமார் 4 கிலோ குறையும். தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் வேலை செய்வதைக் குறையுங்கள். முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். மார்க்கம் அதற்கு அனுமதி தந்திருக்கிறது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மரத்து வீங்கினால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம்; தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கடன் வாங்கும் முன் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவில் ஒருமுறை கருத்துக் கேளுங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டா என்றும் அங்கேயே விசாரியுங்கள். அல்லாஹ் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக.