டவுட்டா... சஸ்பெக்ட்டா? ஒரே சந்தேகம், இரண்டு அர்த்தம்!

கடைக் கல்லாவில் 5,000 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். விசாரிக்கும் மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது. 'குமார்தான் எடுத்திருப்பார்னு சந்தேகமா இருக்கு' என்று சொல்ல நினைத்த ஊழியர், 'ஐ டவுட் தட் குமார் டுக் தி மணி' என்று மெயில் தட்டிவிடுகிறார். அதைப் படித்த மேலதிகாரி, குமாரை விசாரிக்க வேண்டியதே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்!

ஏனென்றால், அந்த ஆங்கில வாக்கியத்தின் பொருள், 'குமார் எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை' என்பது. ஊழியர் எழுதியிருக்க வேண்டிய சொல், 'சஸ்பெக்ட்'.

தமிழில் இரண்டுக்கும் சந்தேகம்தான். 'அவர் வருவது சந்தேகம்' என்றால் வரமாட்டார் போலிருக்கிறது, அது டவுட். 'அவர் மேல் சந்தேகம்' என்றால் அவராகத்தான் இருக்கும், அது சஸ்பெக்ட். டவுட் 'இல்லை' பக்கம் சாயும், சஸ்பெக்ட் 'ஆமாம்' பக்கம் சாயும். 'ஐ டவுட் இட் வில் ரெயின்' என்றால் குடை வேண்டாம். 'ஐ சஸ்பெக்ட் இட் வில் ரெயின்' என்றால் குடையை எடுங்கள்.

செய்தித்தாளில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒருவரைப் போலீஸார் 'சந்தேகத்தின் பேரில்' கைது செய்கிறார்கள். அதே நபரை நீதிமன்றம் 'சந்தேகத்தின் பலனை' அளித்து விடுவிக்கிறது. அவர்தான் செய்திருப்பார் என்ற முதல் சந்தேகம், சஸ்பிஷன். அவர்தான் செய்தாரா என்று உறுதியாக நம்ப முடியாத இரண்டாவது சந்தேகம், டவுட். ஒன்று உள்ளே தள்ளுகிறது, இன்னொன்று வெளியே விடுகிறது!

இலக்கணத்திலும் கொஞ்சம் கவனம் தேவை. டவுட் என்பதே வினைச்சொல், அதுவே பெயர்ச்சொல். சஸ்பெக்ட் பெயர்ச்சொல்லாக வந்தால் அது சந்தேகத்தைக் குறிக்காது, சந்தேகிக்கப்படும் ஆளைக் குறிக்கும். அப்போது அழுத்தம் முதல் அசையில் விழும். வினைச்சொல்லில் இரண்டாவது அசையில். 'ஐ டவுட் இஃப்' என்று தொடங்கலாம், 'ஐ சஸ்பெக்ட் இஃப்' என்று தொடங்க முடியாது. 'தே சஸ்பெக்ட் ஹிம் ஆஃப் ஸ்டீலிங்' சரி; அங்கே டவுட் பொருந்தாது. 'ஐ டவுட் ஹிம்' என்றால் அவர் பேச்சில் நம்பிக்கையில்லை, அவ்வளவுதான்.

நம் வகுப்பறைகளில் பிள்ளைகள் கை தூக்கிச் சொல்லும் 'ஐ ஹாவ் எ டவுட்' தனி ரகம். இங்கே எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு வாத்தியாரிடம் சொன்னால், தான் சொன்னதைப் பிள்ளை நம்பவில்லையோ என்று அவர் நினைக்கலாம். 'ஐ ஹாவ் எ கொஸ்டின்' என்றால் வம்பில்லை.

மெயில் அனுப்பிய ஊழியரை ரொம்பவும் குறை சொல்ல முடியாது. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் டவுட்டுக்கு, 'அப்படித்தான் இருக்குமோ என்று அஞ்சுவது' என்ற பொருளும் இருந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர் வானத்தைப் பார்த்து, 'ஐ டவுட் இட் வில் ரெயின்' என்றால், குடையை எடுத்துக்கொள்ளுங்கள்!