வாரண்டியில் மாற்றித் தரும் பொருளுக்கு வண்டி வாடகை யார் கொடுப்பது?

"உங்கள் ஃபிரிட்ஜை மாற்றித் தர கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் பழையதை எடுத்துப் போக 750, புதியதைக் கொண்டு வர 750, மாடி ஏற்ற 400. மொத்தம் 1,900 ரூபாய் கட்டினால்தான் வண்டி வரும்."

கடையிலிருந்து வந்த இந்தத் தொலைபேசி அழைப்புதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். இதே போன்ற பதிலைக் கேட்டு, சண்டை வேண்டாம் என்று பணத்தைக் கட்டிவிட்ட குடும்பங்கள் நம்மில் ஏராளம். பழுதான பொருளைத் தந்தது அவர்கள். அப்படியிருக்க, அதைத் திருப்பி அனுப்பும் செலவு நம் தலையில் ஏன் விழ வேண்டும்? இதில் சட்டம் என்ன சொல்கிறது, நாம் எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்பதை எங்கள் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்கிறோம்.

நடந்தது என்ன?

எங்கள் பெரியம்மா ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். அவருக்காகத் திருச்சி டவுனில் உள்ள ஒரு கடையில் 24,500 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தோம். ஏழாவது மாதத்தில் கூலிங் நின்றுவிட்டது. மெக்கானிக் மூன்று முறை வந்தார். முதல் முறை கேஸ் நிரப்பினார். இரண்டாம் முறை ஒரு பாகத்தை மாற்றினார். மூன்றாம் முறை, உள்ளே போகும் குழாயில் கசிவு இருக்கிறது, சரிசெய்ய முடியாது என்று சர்வீஸ் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகே கம்பெனி வேறு ஃபிரிட்ஜ் தர ஒப்புக்கொண்டது.

பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போடுகிறார். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கோடைக்காலத்தில் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அதை எங்கே வைப்பது? கீழ் வீட்டு மாமி தங்கள் ஃபிரிட்ஜின் கதவில் ஒரு தட்டை ஒதுக்கிக் கொடுத்தார். பெரியம்மா முட்டி வலியோடு ஒவ்வொரு முறையும் படி இறங்கி ஏறினார். இந்த நிலையில்தான் அந்த 1,900 ரூபாய் கேட்கப்பட்டது. "கொடுத்துத் தொலைங்க, மருந்து கெட்டுப் போனா அதைவிட நஷ்டம்" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னோம்.

இப்படிப்பட்ட கட்டணங்கள் வசூலாவதற்குக் காரணமே இந்த அவசரம்தான். நமக்குப் பொருள் உடனே வேண்டும். கேட்கப்படும் தொகையோ வழக்குப் போடும் அளவுக்குப் பெரியதல்ல.

வாரண்டி அட்டையின் பின்பக்கம்

பணம் கட்டுவதற்கு முன் வாரண்டி அட்டையை முழுதாகப் படித்துவிடுவோம் என்று எடுத்தோம். முன்பக்கம் பெரிய எழுத்தில், ஒரு வருடத்துக்குள் உற்பத்திக் குறைபாடு தெரிந்தால் இலவசமாகப் பழுது நீக்கப்படும் அல்லது மாற்றித் தரப்படும் என்று இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னொரு நிபந்தனை. சர்வீஸ் சென்டர் இருக்கும் ஊரின் மாநகராட்சி அல்லது நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தால், போக்குவரத்துச் செலவு வாடிக்கையாளரைச் சேர்ந்தது.

கடைக்காரர் பிடித்துக்கொண்டது இந்த வரியைத்தான். "ஸ்ரீரங்கம் அவுட் ஸ்டேஷன் சார், பாலம் தாண்டி வரணும்" என்றார்.

ஆனால் ஸ்ரீரங்கம் தனி நகராட்சியாக இருந்தது 1994 வரைதான். அந்த ஆண்டு திருச்சி நகராட்சியோடு ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் இணைத்துத்தான் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி உருவானது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தீவாக இருந்தாலும், நிர்வாகக் கணக்கில் ஸ்ரீரங்கம் மாநகராட்சியின் ஒரு மண்டலம். வீட்டு உரிமையாளரிடம் சொத்து வரி ரசீதின் நகலைக் கேட்டோம். அதன் தலைப்பிலேயே திருச்சிராப்பள்ளி மாநகராட்சி என்று அச்சிட்டிருந்தது. கம்பெனி தன் அட்டையில் எழுதிய விதியின்படி பார்த்தாலும் இந்தக் கட்டணம் செல்லாது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கடையில் வாயால் சொல்வது ஒன்றாகவும், வாரண்டி அட்டையில் எழுதியிருப்பது வேறாகவும் இருக்கும். முதலில் அட்டையைப் படிக்க வேண்டும். மாநகராட்சி எல்லைக்கு வெளியே ஊராட்சிகளில் வசிப்பவர்கள் இந்த நிபந்தனையைப் பொருள் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. "மாற்றித் தரும்போது வண்டி வாடகையைக் கடைக்காரரே ஏற்க வேண்டும்" என்று நேரடியாக ஒரு வரி அதில் இல்லை. ஆனால் நமக்கு உதவும் பிரிவுகள் இருக்கின்றன.

பிரிவு 39-இன்படி, பொருளில் குறைபாடு நிரூபணமானால் அதை நீக்கவும், குறையில்லாத புதிய பொருளைத் தரவும், கொடுத்த விலையைத் திருப்பித் தரவும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். எதிர்த்தரப்பின் கவனக்குறைவால் நமக்கு ஏற்பட்ட இழப்புக்கு நஷ்டஈடும், வழக்குச் செலவும் வழங்கலாம். கட்டாயப்படுத்தி வாங்கப்பட்ட வண்டி வாடகையை இந்த இழப்பின் பகுதியாக நாம் கேட்கலாம். ஆனால் எழுத்து ஆதாரம் வேண்டும்.

பிரிவு 2(47) நியாயமற்ற வணிக முறைகளைப் பட்டியலிடுகிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும், பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதில் அடங்கும். பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலும் ஒரு பிரிவு உண்டு. பொருள் வந்து இறங்கியதும் அதை நிராகரிக்கும் உரிமை நமக்கு இருந்து நாம் நிராகரித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அதைத் திருப்பிக் கொண்டு போய்ச் சேர்க்கும் பொறுப்பு நம்முடையதல்ல. ஏற்க மறுக்கிறோம் என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும் என்கிறது பிரிவு 43. எனவே இறக்கும்போதே உடைந்திருக்கும், அல்லது ஆன் செய்தவுடன் வேலை செய்யாத பொருளுக்கு இது மிகவும் பயன்படும். எங்களைப் போல ஏழு மாதம் பயன்படுத்திய பிறகு இந்தப் பிரிவைக் காட்ட முடியாது. அங்கே வாரண்டி நிபந்தனையும் நுகர்வோர் சட்டமும்தான் துணை.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள் பொருந்தும். திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே தெளிவாகக் காட்ட வேண்டும். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

வெளிநாட்டு நிலவரத்தையும் பார்ப்போம். ஐரோப்பிய நீதிமன்றம் 2011 ஜூன் 16 அன்று, பழுதான தரை ஓடு, பாத்திரம் கழுவும் இயந்திரம் தொடர்பான இரண்டு வழக்குகளில் ஒரு தீர்ப்பு வழங்கியது. மாற்றித் தருவது இலவசம் என்றால், பொருத்திய பழைய பொருளைக் கழற்றி எடுப்பதும் புதியதைப் பொருத்தித் தருவதும் விற்றவர் பொறுப்பு, அல்லது அதற்கான செலவை அவர் ஏற்க வேண்டும் என்றது. அது நம் நாட்டில் சட்டமல்ல. ஆனாலும் நாம் கேட்பது பேராசை அல்ல என்பதை அது காட்டுகிறது.

எல்லா வாரண்டியும் ஒன்றல்ல

முழுப் பொருளுக்கான வாரண்டி பெரும்பாலும் ஒரு வருடம்தான். "கம்ப்ரஸருக்குப் பத்து வருடம்" என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது அந்த ஒரு பாகத்துக்கு மட்டும். அந்தக் காலத்தில் கேஸ், கூலி, போக்குவரத்து ஆகியவை வாடிக்கையாளர் செலவு என்று பல அட்டைகளில் எழுதியிருக்கும். அங்கே வண்டி வாடகை கேட்டால் அது நிபந்தனைக்கு உட்பட்டதாக இருக்கலாம்.

கூடுதல் பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு வாரண்டி தனி ஒப்பந்தம். அதை நடத்துவது வேறு நிறுவனமாகவும் இருக்கலாம். "எடுத்துச் செல்வது, கொண்டு வந்து தருவது இதில் அடங்குமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தோ உறவினர்கள் வாங்கி வரும் பொருட்களில், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பல பொருட்களுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான் வாரண்டி உண்டு. திருப்பி அனுப்பும் சரக்குக் கட்டணம் சில சமயம் பொருளின் விலையைத் தொட்டுவிடும்.

மாற்றித் தரும் பொருளுக்கு ஜி.எஸ்.டி. கட்டச் சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. வாரண்டியில் கூடுதல் பணம் வாங்காமல் மாற்றித் தரும் பாகத்துக்கு மீண்டும் வரி இல்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2023 ஜூலையில் சுற்றறிக்கை மூலம் விளக்கியது. முழுப் பொருளை மாற்றுவதற்கும் அது பொருந்தும் என்று 2024 ஜூனில் தெளிவுபடுத்தியது. தனியாக ஏதேனும் கட்டணம் வாங்கினால் மட்டுமே அந்தத் தொகைக்கு வரி வரும். அப்படி வாங்கினால் பில் கேளுங்கள். பில் என்ற சொல்லைக் கேட்டதும் சில கட்டணங்கள் தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு.

நாங்கள் செய்தது

முதலில், தொலைபேசியில் பேசுவதை நிறுத்தினோம். கடைக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினோம். பில், வாரண்டி அட்டையின் இரண்டு பக்கங்கள், மூன்று சர்வீஸ் சீட்டுகள், சொத்து வரி ரசீது ஆகியவற்றின் படங்களை இணைத்தோம். கடிதம் இவ்வளவுதான்:

"இந்தப் பொருளில் உற்பத்திக் குறைபாடு உள்ளதை உங்கள் மெக்கானிக் எழுதிக் கொடுத்துள்ளார். மாற்றித் தர நீங்களும் ஒப்புக்கொண்டுள்ளீர்கள். 1,900 ரூபாய் எந்த நிபந்தனையின்படி கேட்கப்படுகிறது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். வீடு திருச்சிராப்பள்ளி மாநகராட்சி எல்லைக்குள் உள்ளது. ஏழு நாட்களுக்குள் கட்டணமின்றி மாற்றித் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம்."

அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தோம். புகார் எண் வந்தது. அதையும் இருவருக்கும் அனுப்பினோம். ஆறாம் நாள் கம்பெனியிலிருந்து பேசினார்கள். எடுத்துச் செல்லவும் கொண்டு வரவும் கட்டணம் இல்லை என்றார்கள். மாடி ஏற்றும் கூலி 400-ஐ மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் முறை வாங்கியபோதும் தரைத்தளம் வரைதான் டெலிவரி என்று பில்லில் எழுதியிருந்தது. அதை நாங்கள் அன்று கவனிக்கவில்லை. எனவே அந்த 400-ஐக் கட்டி, பில் வாங்கிக்கொண்டோம். 1,900 கேட்டவர்களிடம் 1,500 மிச்சம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆறு நாட்களும் பெரியம்மா படி இறங்கி ஏறினார். வேறு வழியே இல்லாதவர்கள் முதலில் பணத்தைக் கட்டிவிடுவதில் தவறில்லை. ஆனால் "ஆட்சேபத்துடன் கட்டுகிறோம்" என்று குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பிவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு கட்டுங்கள். பிறகு திரும்பக் கேட்க அது ஆதாரமாகும்.

ஆணையத்துக்குப் போக நேர்ந்தால்

திருச்சியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. கடை எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தாமதமாகலாம் என்பதால், 1915 வழியாகத் தீர்ந்தால் அதுவே நல்லது.

விற்பவர்களும் நாம்தான்

நம் சமுதாயத்தில் வாங்குபவர்கள் மட்டுமல்ல, கடை வைத்திருப்பவர்களும் நிறையப் பேர். பொருளில் உள்ள குறையை மறைத்து விற்கக் கூடாது என்பதும், குறை தெரிந்தால் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதும் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த வியாபார ஒழுங்கு. டெலிவரி எதுவரை, மாற்றித் தரும்போது வண்டி வாடகை யாருடையது என்ற இரண்டையும் பில்லில் தமிழில் இரண்டு வரி அச்சிட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும். கம்பெனி தர மறுத்தால் வாடகையைக் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டியது கடைக்காரர். முதியவர் ஒருவரிடம் வசூலிப்பது சுலபம் என்பதற்காக அதைச் செய்யக் கூடாது.

வண்டியில் வந்து ஃபிரிட்ஜைத் தோளில் சுமந்து மாடி ஏற்றிய இரண்டு தம்பிகளும் இந்தக் கணக்கு எதிலும் இல்லை. அவர்களுக்குப் பெரியம்மா மோரும் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார். பிறகு கீழ் வீட்டு மாமியிடம் போய் இன்சுலினை வாங்கி வந்து, புதிய ஃபிரிட்ஜின் கதவில் வைத்தார். வாரண்டி அட்டையும் பில்லும் இப்போது ஒரு பிளாஸ்டிக் உறையில் அதன் மேல்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள்.