பழைய கிதாரின் கழுத்தைக் கழற்றிப் பொருத்தும் கலை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள நாசரேத் என்னும் ஊரில் மார்ட்டின் நிறுவனம் 1930களில் செய்த எஃகுத் தந்திக் கிதார்கள் இன்றும் பெரிதும் போற்றப்படுகின்றன. ஆயினும் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் பல்லாண்டுகள் இழுப்பதால், ஒலிப்பெட்டி சிறிது சிறிதாக வளைந்து கழுத்து முன்சாய, தந்திகள் ஃபிரெட்டுகள் எனப்படும் மெட்டுகளிலிருந்து விலகி உயர்ந்து, விரலால் அழுத்துவதே கடினமாகிவிடுகிறது. பிற்காலக் கிதார்களின் கழுத்தினுள் இருக்கும் திருகக்கூடிய கம்பி கழுத்தின் வளைவை மட்டுமே சீராக்கும். கழுத்துக்கும் பெட்டிக்கும் இடையிலான கோணத்தை அதனால் மாற்ற இயலாது.

கோணம் கெட்டதை அறிய, நேரான உலோகச் சட்டம் ஒன்றை மெட்டுகளின் மீது நீளவாக்கில் வைக்கின்றனர். அதன் முனை, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேல்விளிம்பை எட்டாமல் கீழே முட்டினால் கழுத்தைக் கழற்றியாக வேண்டும். இக்கிதார்களில் கழுத்து, புறாவின் வால்போல் விரிந்த மரநாக்கு பள்ளத்தில் இறுகும் மூட்டினால் பெட்டியோடு இணைந்து, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரத்தால் ஒட்டப்பட்டுள்ளது. அப்பசை வெப்பத்திலும் ஈரத்திலும் இளகும் என்பதே இப்பணிக்கு அடிப்படை.

மேற்பலகையில் ஒட்டியுள்ள விரற்பலகை முனையைச் சூடேற்றி, மெல்லிய தகட்டால் பிரித்த பின், 15ஆம் மெட்டைப் பிடுங்கி, அதன் பள்ளத்தில் சிறு துளையிட்டு, மூட்டின் இடைவெளிக்குள் ஊசிக்குழாய் வழியே நீராவி செலுத்துகின்றனர். பசை இளகியதும் கழுத்து கழன்று வருகிறது. துளையோ, மெட்டை மீண்டும் பதிக்கையில் மறைந்துவிடுகிறது.

மரம் நன்கு உலர்ந்த பிறகு, கழுத்தின் அடியில் பெட்டியைத் தொடும் குதிகால் பகுதியின் விளிம்புகளை, மேலே ஒன்றுமின்றிக் கீழே செல்லச் செல்லக் கூடுமாறு உளியாலும் உப்புத்தாளாலும் குறைக்கின்றனர். குதிகாலின் உயரம் 9 செ.மீ., மூட்டிலிருந்து பிரிட்ஜ் வரையிலான தூரம் ஏறத்தாழ 28 செ.மீ. எனக் கொண்டால், பிரிட்ஜருகே அந்த உலோகச் சட்டத்தின் முனையை 3 மி.மீ. உயர்த்த அடிமுனையில் செதுக்க வேண்டியது ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. இதனால் தளர்ந்த மூட்டின் பக்கங்களில் மெல்லிய மரச்சீவல்களை ஒட்டி, பசையின்றியே இறுகுமாறு செய்து, கழுத்தின் நடுக்கோடு பிசகவில்லை என உறுதிப்படுத்திய பின்னரே மீண்டும் வச்சிரமிட்டு இணைக்கின்றனர்.

எபாக்ஸி போன்ற பசைகளால் ஒட்டிவிட்டால் அடுத்த தலைமுறையினர் மூட்டைப் பிரிப்பது அரிதாகும் என்பதால், மீண்டும் பிரிக்கக்கூடிய பசையைப் பயன்படுத்துவதே பழைய கருவிக்குச் செய்யும் நேர்மையான பழுதுபார்ப்பாகும்.