மலையில் தாது உண்டு. உலைக்கு எரிபொருள் எங்கே?

கஞ்சமலையைச் சுட்டிக்காட்டி, "இவ்வளவு இரும்பு இருக்கையில் சேலம் உருக்காலை வெளியிலிருந்து மூலப்பொருள் தருவிப்பானேன்?" என்று பஞ்சாயத்துக் கூட்டங்களில் கேட்போர் பலர். நியாயமான கேள்வியே. அதற்கு விடை மலையில் இல்லை, அடுப்பில் இருக்கிறது.

இரும்புத் தாது என்பது இரும்பும் பிராணவாயுவும் கலந்த கல் ஆகும். ஊதுலையில் இடப்படும் கரி சூட்டைத் தருவதோடு, அப்பிராணவாயுவையும் தாதுவினின்று பிரித்துச் செல்கிறது. மேலிருந்து இறங்கும் கல்லின் பாரத்தைத் தாங்கி, காற்றுப் புக இடைவெளி விட்டு நிற்பதும் அதன் வேலையே. சாதாரண நிலக்கரி இதற்கு ஈடுகொடாது. எனவே அதற்கேற்ற நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கல்கரியாக்குகின்றனர். ஒரு டன் உருக்குக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் தாதுவும், முக்கால் டன்னுக்குச் சற்று மேற்பட்ட நிலக்கரியும், கால் டன் சுண்ணாம்புக்கல்லும் செலவாகும். சுண்ணாம்பு அழுக்கைச் சேர்த்துக் கசடாக்கும். அக்கசடு பின்னர் சிமெண்டுக்குப் பயன்படும்.

1830ஆம் ஆண்டையொட்டி ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். சேலம் வட்டாரத் தாது அங்கு சென்றது. எரிபொருளோ மரக்கரி. உலையின் பசிக்குக் காடு ஈடுகொடுக்கவில்லை. விறகுப் பஞ்சம் அவ்வாலையின் பெருந்தொல்லைகளுள் ஒன்றாயிற்று.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி உண்டு. ஆனால் அது ஈரம் மிகுந்தது, கல்கரியாகாது. 1959இல் முதல் ஊதுலை ஏற்றப்பட்ட பிலாய்க்குத் தல்லி ராஜஹராவின் தாதுவும் நந்தினியின் சுண்ணாம்புக்கல்லும் அருகிலேயே கிடைத்தன. கல்கரிக்கான நிலக்கரி மட்டும் தொலைவிலிருந்து ரயிலில் வரவேண்டியிருந்தது. இன்று இந்திய ஆலைகள் அந்நிலக்கரியைப் பெரும்பாலும் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து வாங்குகின்றன. 1970இல் அடிக்கல் நாட்டப்பெற்ற சேலம் ஆலையில் ஊதுலை இல்லாமையின் பொருள் இப்போது விளங்கும். 2010 முதல் அங்கு மின்வில் உலையில் பழைய இரும்பும் குரோமியக் கலவையும் உருக்கப்படுகின்றன. இம்முறையில் டன்னுக்கு 400 முதல் 600 யூனிட் மின்சாரம் வேண்டும்.

கஞ்சமலைத் தாதுவில் இரும்பு ஏறத்தாழ 35 சதவீதமே. அதைப் பொடியாக்கிக் காந்தத்தால் பிரித்தால் பாதியளவு கழிவுத்தூளாக நிற்கும். 2000க்குப் பின் கஞ்சமலையிலும் திருவண்ணாமலைக்கு அருகே கவுத்திமலையிலும் சுரங்க யோசனைகள் எழுந்தபோது குடியானவர்கள் எதிர்த்ததற்கு இத்தூளும் தண்ணீரும் காரணமாயின. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பெரிய சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு உண்டு. அங்கு செல்லும் அங்கத்தினர்கள் வேலை எத்தனை பேருக்கு என்பதோடு நில்லாமல், தூள் எந்தப் புறம்போக்கில் கொட்டப்படும், தண்ணீர் எந்த ஏரியிலிருந்து எடுக்கப்படும், தாது எந்த உலைக்குப் போகும் என்றும் எழுத்து மூலம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

மலையை வெட்டாமலே நாம் தரக்கூடிய மூலப்பொருளும் ஒன்று உண்டு. கைப்பம்புக் குழாய்கள், உடைந்த கலப்பைகள், துருவேறிய தகடுகள் ஆகியன பல பஞ்சாயத்து அலுவலகங்களின் பின்புறம் கிடக்கின்றன. சில இடங்களில் அவை கண்மதிப்பில், மலிவாகக் கைமாறுகின்றன. எடையிட்டு, தீர்மானம் நிறைவேற்றிப் பகிரங்க ஏலம் விடுவதே முறை. பழைய மோட்டார்களின் தாமிரக் கம்பியை முன்னதாகப் பிரித்துவிடுங்கள். அதற்கு விலை அதிகம். இரும்போடு உருகிக் கலந்துவிட்டால் தாமிரத்தைப் பிரிக்க இயலாது, உருக்கும் சூட்டில் உருட்டும்போது வெடிப்பு விடும்.