மாதிரிச் சாமான் வண்டியைப் பொருத்தும் முறை

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்தது எமது ஒட்டுசுட்டான். எம்மூருக்குப் புகையிரதப் பாதை இல்லை. அண்மையிலுள்ள நிலையம் மாங்குளமே. காங்கேசன்துறைச் சீமெந்தை ஏற்றிய சாமான் வண்டிகள் அந்நிலையத்தைக் கடந்து தெற்கே செல்வதைச் சிறுவயதில் நான் கண்டிருக்கிறேன். 1990ஆம் ஆண்டு வடபகுதிக்கான ஓட்டம் நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் அவற்றைத் தாங்கிய கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் போயின. 2013ஆம் ஆண்டில் கிளிநொச்சி வரையும், 2014ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வரையும் புகையிரதம் மீண்டது. இடைப்பட்ட காலத்தில் எம்மூரில் வளர்ந்த பிள்ளைகள் பலர் புகையிரதத்தைப் புத்தகப் படத்திலேயே கண்டனர்.

அவ்வாறு வளர்ந்து இன்று கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர், எமது பாடசாலைக் கண்காட்சிக்கென மாதிரிச் சாமான் பெட்டிகள் ஆறினைத் துண்டுகளாக அனுப்பிவைத்தார். கலைப் பட்டதாரியாகிய எனக்கு இத்தொழில் தெரியாது. மாணவரோடு மாணவனாக அமர்ந்து கற்றவற்றையே இன்று கூற விழைகின்றேன்.

இப்பெட்டிகள் உண்மைப் பெட்டியின் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவின. அவை ஓடும் பாதையின் அகலம் பதினாறரை மில்லிமீற்றர். இத்துணைச் சிறிய பொருளில் ஒரு மயிரிழைப் பிழையும் பெரும் பிழையாகிவிடும். எனவே முதல் விதி இது: பசை பூசுமுன் ஒவ்வொரு துண்டையும் வெறுமனே பொருத்திப் பார்த்தல் வேண்டும். இவ்வகைப் பசை பிளாஸ்ரிக்கைச் சிறிது கரைத்தே ஒட்டுகிறது. ஒட்டியபின் பிரித்தல் அரிது.

கூரை சுவரின்மேல் அமராவிடின் அழுத்தலாகாது. அச்சில் வார்த்தபோது விளிம்பில் தங்கிய பிசிறே பெரும்பாலும் காரணமாகும். அதனைச் சிறிய அரத்தால் மெல்ல அராவினால் கூரை தானே அமரும். அடித்தட்டு வளைந்துள்ளதா என அறிய, அதனைக் கண்ணாடித் தகடொன்றின்மேல் வைத்து மூலைகளை விரலால் தொட்டுப் பார்க்கலாம். ஆடினால் வளைவு உண்டு என்பது தெளிவு.

அடுத்து, சக்கரங்கள். பெட்டியின் ஒவ்வொரு முனையிலும் நான்கு சக்கரங்கள் கொண்ட ஒரு போகி உண்டு. அது ஒரு திருகாணியால் அடித்தட்டில் பூட்டப்படும். எமது முதற் பெட்டியைப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மிக நேர்த்தியாகச் செய்து முடித்தான். ஆயின் பாதையில் வளைவு வரும்தோறும் அது தடம் விலகி வீழ்ந்தது. கவனமின்மையே காரணம் என நான் அவனைக் கடிந்துகொண்டேன். மறுநாள் அவன் அவ்வேலைக்கு வரவில்லை.

அன்று மாலை அப்பெட்டியை நானே எடுத்துப் பார்த்தேன். இரு போகிகளும் அசைய முடியாதபடி முடுக்கப்பட்டிருந்தன. எம் தாய்மார் அடுப்புக்கு மூன்று கல்லே வைப்பர். நிலம் மேடுபள்ளமாயினும் மூன்று கல்லின்மேல் வைத்த பானை ஆடாது. நான்காவது கல் வைத்தால் ஏதேனும் ஒன்று பானையைத் தொடாமல் நிற்கும். பெட்டியின் நிலையும் இதுவே. ஒரு போகியின் திருகாணியை, அது இடம் வலமாகத் திரும்புமளவுக்கு மட்டும் விட்டு முடுக்க வேண்டும். மற்றையதைச் சற்றுக் கூடுதலாகத் தளர்த்தினால் அது பக்கவாட்டிலும் சிறிது சாயும். அப்போது பெட்டி மூன்று கல்லின்மேல் நிற்பது போலாகிறது. பாதை ஏறி இறங்கினும் எல்லாச் சக்கரங்களும் தண்டவாளத்தைத் தொடுகின்றன. இரண்டையும் நன்றாக இறுக்கு என்று அம்மாணவனுக்குச் சொன்னவன் நானே. அவன் வீட்டுக்குச் சென்று, பிழை என்னுடையது என்று கூறி அவனை அழைத்து வந்தேன்.

இன்னொரு குறை, சக்கரம் அடித்தட்டில் உராய்தல். தட்டின் அடியில் பளபளப்பான கீறல் தெரிந்தால் அதுவே சான்று. போகிக்கும் தட்டுக்கும் இடையே மெல்லிய வாசர் ஒன்றை இட்டால் உராய்வு நீங்கும். ஆனால் பெட்டி உயர்வதால் தட்டில் பூட்டிய கொளுவியும் உயர்ந்து, அயற்பெட்டியின் கொளுவியோடு பொருந்தாது போகும். அப்போது கொளுவிக்கும் தட்டுக்கும் இடையே அதே தடிப்பில் ஒரு தகடு வைத்து அதனைத் தாழ்த்த வேண்டும். ஆதலின் தண்டவாளத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சரிபார்ப்பதே முறை. முதலில் சக்கரம், பின்பு போகி, அதன்பின் உயரம், இறுதியிலே கொளுவி.

பெட்டி மிக இலேசாக இருப்பினும் தடம் விலகும். அமெரிக்காவின் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் இவ்வளவுப் பெட்டிக்கு ஒரு கணக்குக் கூறுகிறது: அடிப்படையாக ஓர் அவுன்ஸ், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மேலும் அரை அவுன்ஸ். ஆறு அங்குலப் பெட்டிக்கு நான்கு அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 113 கிராம். குறையும் எடையை இரும்பு நட்டுகளை உள்ளே ஒட்டி நிரப்பினோம்.

எந்த அரமும் திருத்த முடியாத ஒரு பொருத்தமின்மையும் உண்டு. கனடாவின் பாதை 1435 மில்லிமீற்றர் அகலம். எமது பாதை 1676 மில்லிமீற்றர். எமது பாதையை அதே விகிதத்தில் சுருக்கினால் பத்தொன்பது மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரும். எனவே இம்மாதிரி மாங்குளத்தில் நான் கண்ட வண்டியன்று. அதனை மறையாது, காட்சிப் பலகையில் இரு அளவுகளையும் எழுதிவைத்தோம்.

நேயர்களே, ஒரு பொருள் பொருந்தாதபோது அதனை அழுத்துவதும், செய்தவனைக் கடிவதும் எளிது. எங்கே தட்டுகிறது என்று தேடுவதற்குப் பொறுமை வேண்டும். அப்பொறுமையை அச்சிறு பெட்டி எனக்குக் கற்பித்தது. கண்காட்சி நாளில் ஆறு பெட்டிகளும் வளைவைக் கடந்து ஓடின. முதலில் நின்றது அம்மாணவனுடைய பெட்டியே.